துடைத்த கண்கள்

ஸ்டூடியோக் கதவைக் கொசு தள்ளுவதற்குள் கதவே அவனைத் தேடிக்கொண்டு வந்தது. கண்ணாடி நொறுங்க, நடுவிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் மானிட்டர் பறந்து வந்து, அவன் தலைக்கு ஒரு சாண் மேலே போய், நடைபாதையில் விழுந்து சிதறியது.

"கடை திறந்துதான் இருக்கு, டீச்சர்," என்றான் குனிந்தபடியே.

"உள்ள போ."

"லேடீஸ் எல்லாம் முன்னாடி ஏறுங்கன்னுதான் எனக்குச் சொல்லிப் பழக்கம்."

"கொசு!"

போனான். பதினோரு வருடம் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து, வாய்க்கொழுப்பால் வேலையைத் தொலைத்தவன் அவன். டீச்சர் பதினேழு வருடம் பள்ளிக்கூடத்தில் டிராயிங் சொல்லிக்கொடுத்துவிட்டு, நாற்பத்தைந்து வயதில் துப்பறிய வந்தவர். இந்த இரண்டு பேரையும் நம்பி ஒரு உயிர் லாக்கப்பில் கிடந்தது. அதனால்தான் கொசு கண்ணாடிச் சில்லை மிதித்துக்கொண்டு ஓடினான். இல்லாவிட்டால் எதிர்த்திசையில் ஓடியிருப்பான்.

முன்னறையில் சுவரெல்லாம் சிரிக்கும் முகங்கள். உள்ளறையில் யாரும் சிரிக்கவில்லை. ஹெல்மெட் போட்ட ஒரு தடியன் கையில் இரும்புக் கம்பியோடு நின்றிருந்தான். தரையில் ஹார்ட் டிஸ்க்குகள் அப்பளமாய் நொறுங்கிக் கிடந்தன. மேஜையோரம் மண்டியிட்டிருந்தார் ஒல்லியான ஒரு மனிதர். அவருடைய வலது கை மேஜை டிராயருக்குள் இருந்தது. தடியன் முழங்காலை வைத்து டிராயரை மூடினான்.

விரல்கள் ஒடிந்த சத்தம் கொசுவுக்குத் தெளிவாகக் கேட்டது. அந்த மனிதர் கத்தக்கூட இல்லை. வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. தடியன் டிராயரைக் கொஞ்சம் இழுத்து, மறுபடி முழங்காலை உயர்த்தினான்.

"ஹலோ, டிக்கெட் எடுத்தாச்சா?" என்றான் கொசு. பயத்தில் வாய்க்கு வந்தது அதுதான்.

ஹெல்மெட் திரும்பியது. அடுத்த நொடி கம்பி கொசுவின் விலாவில் இறங்கியது. மூச்சு அடைத்துக் கீழே விழுந்தவன், விழுந்த இடத்தில் கிடந்திருக்கலாம். அவன் பேர் என்ன சும்மாவா வந்தது? தடியனின் காலைக் கட்டிப்பிடித்து ஆடுசதையில் பல்லைப் பதித்தான். கம்பி இரண்டாவது முறை முதுகில் விழுந்தது. மூன்றாவது முறை ஓங்கியது.

அப்போதுதான் டீச்சர் குடை விளக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். போட்டோ எடுக்கும்போது பளிச்சென்று மின்னுமே, வெள்ளைக் குடை மாட்டிய அந்தப் பெரிய விளக்கு. குடையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, விளக்கை ஹெல்மெட்டுக்கு ஒரு முழம் முன்னால் நீட்டிப் பொத்தானை அழுத்தினார். அறையே வெளுத்துப்போனது. மறுபடி அழுத்தினார். தடியன் "ஐயோ" என்று முகத்தைப் பொத்தினான். டீச்சர் பக்கத்திலிருந்த கேமரா ஸ்டாண்டை இரண்டு கையாலும் எடுத்து, வீட்டில் கம்பளி தட்டுவதுபோல நிதானமாக ஹெல்மெட்டின்மேல் நாலு சாத்து சாத்தினார். ஹெல்மெட்டில் விரிசல் விழுந்தது. அவன் சுவரைத் தடவித் தடவிப் பின்வாசலைக் கண்டுபிடித்தான். மோட்டார் சைக்கிள் ஒன்று உறுமிக்கொண்டு ஓடிய சத்தம் கேட்டது.

"ஆள் யாருன்னு தெரிஞ்சுதா?" என்றார் டீச்சர்.

கொசு வாயிலிருந்ததைத் துப்பினான். உள்ளங்கையில் ரத்தம், அதோடு வெளிர் மஞ்சளாகக் கொஞ்சம் தூள்.

"மரத்தூள் டீச்சர். பேன்ட்டு பூரா அப்பியிருந்துச்சு. மரக்கடை அம்மாவோட ரெண்டாவது பையன், அந்தச் சின்னவன்தான். கடிச்சுப் பாத்து ஆளைக் கண்டுபிடிச்சது துப்பறியும் சரித்திரத்துலயே நான்தான் முதல்."

மணி நாலு இருபது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, டச்சப்காரரை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அதுதான் அவருக்குப் பேர். ஊரில் யார் போட்டோ எடுத்துக்கொண்டாலும், கண்ணுக்குக் கீழே இருக்கும் கருவளையத்தையும் சுருக்கத்தையும் கம்ப்யூட்டரில் துடைத்து அனுப்புகிறவர் அவர்தான். அந்த வேலையைச் செய்த கையில் இப்போது மூன்று விரல்கள் மூன்று பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. டீச்சர் ஒரு போட்டோ சட்டத்தை உடைத்துப் பட்டையாக வைத்துக் கட்டினார்.

விஷயம் இதுதான். பன்னிரண்டு நாளுக்கு முன்னால், ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், மரக்கடை ரம்பக்காரரை யாரோ கட்டையால் அடித்துக் கொன்று மரத்தூள் குவியலுக்குள் புதைத்துவிட்டார்கள். வியாழக்கிழமைதான் பிணம் கிடைத்தது. போன வருடம் அந்தக் கடையில் மரம் உருண்டு ஒருவன் செத்துப்போன வழக்கில், ரம்பக்காரர் மறுவாரம் கோர்ட்டில் சாட்சி சொல்வதாக இருந்தார். ஆனால் மனிதர் சும்மா சாகவில்லை. அவர் கையில் எவர்சில்வர் சாப்பாட்டு டப்பா இருந்தது. அதன் மூலை நசுங்கி, ரத்தம் காய்ந்திருந்தது. கொன்ற ஆளின் முகத்தில் ஓங்கி ஒரு போடு போட்டிருக்கிறார்.

வியாழக்கிழமை அந்தக் கடையில் கண் வீங்கி நின்ற ஒரே ஆள் சுமைக்காரன். கயிறு அறுந்து கண்ணில் அடித்தது என்றான். யார் நம்பினார்கள்? பயந்து ஓடினான், நாலு நாள் முன்பு பிடிபட்டான். அன்றிலிருந்து அடி. இன்று சாயங்காலம் ஆறு மணிக்கு, "நான்தான் கொன்றேன்" என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போடுவதாக ஒத்துக்கொண்டுவிட்டான். காலையில் அவன் மனைவி டீச்சரிடம் வந்தபோது அழவில்லை. "அவர் கொன்னதால கையெழுத்துப் போடல. இன்னும் ஒரு ராத்திரி தாங்காதுன்னு போடுறாரு," என்று மட்டும் சொன்னாள்.

முதலாளி வீட்டின்மேல் போலீஸ் ஏன் கை வைக்கவில்லை? அதற்குக் காரணம் டீச்சரின் பையில் இருந்தது: ஒரு குடும்ப போட்டோ. கொலைக்கு மறுநாள் செவ்வாய்க்கிழமை காலையில் இதே ஸ்டூடியோவில் எடுத்தது, ஓரத்தில் தேதியோடு. நடுவில் மரக்கடை அம்மா உட்கார்ந்திருக்கிறாள். வலப்பக்கம் சாதுவான பெரியவன், இடப்பக்கம் ஊரறிந்த ரவுடிச் சின்னவன். மூன்று முகமும் கழுவி வைத்த தட்டுப்போல இருந்தன. ஒரு கீறல் இல்லை. இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்து, முதலாளி வீட்டுக் கணக்கை அதோடு தீர்த்துவிட்டார்.

"ஸ்டூடியோ போட்டோவைச் சாட்சின்னு நம்பினாராம்," என்றான் கொசு. "என் கல்யாண போட்டோவை அவருக்குக் காட்டணும். அதுல என்னைத் துடைச்ச துடைப்புல, எங்க மாமியாரே 'மாப்பிள்ளை வர்றதுக்குள்ள எடுத்துட்டீங்களா'ன்னு கேட்டாங்க."

டச்சப்காரர் சிரிக்கவில்லை. தரையில் நொறுங்கிக் கிடந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"துடைக்கறதுக்கு முந்தின படம் இதுலதான் இருந்துதா?" என்றார் டீச்சர்.

"எல்லாம் போச்சு. நாலு வருஷத்து முகம்."

"யாரோட கண்ணைத் துடைச்சீங்க?"

"கேக்காதீங்க." அவர் இடது கையை மார்போடு அணைத்துக்கொண்டார். "எனக்கு இன்னும் ஒரு கைதான் இருக்கு. எனக்குச் சம்சாரம் இருக்கு, மூணு பொண்ணு இருக்கு. நீங்க கட்டுப் போட்டதுக்கு நன்றி. போயிடுங்க."

கொசுவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அங்க ஒருத்தன் செய்யாத கொலைக்கு…" என்று ஆரம்பித்தான். டீச்சர் அவன் தோளை அழுத்தினார். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஏதோ பொழுதுபோகாமல் வந்தவர்போல் உட்கார்ந்தார்.

"அவங்களைப் பத்திக் கேக்கல. தொழிலைப் பத்திக் கேக்கறேன். நானும் படம் வரைஞ்சவதான். இந்தக் கண்ணுக்குக் கீழ மட்டும் எனக்கு வரவே வராது. சுருக்கத்தை எடுத்தா ஆளே மாறிடுது. நீங்க எப்படி எடுக்கறீங்க?"

டச்சப்காரர் சந்தேகமாகப் பார்த்தார். ஆனால் தொழில்காரனிடம் தொழிலைப் பற்றிக் கேட்டால், கை ஒடிந்திருந்தாலும் வாய் சும்மா இருக்குமா?

"முழுசா எடுக்கக் கூடாது. அதுதான் எல்லாரும் பண்ற தப்பு," என்றார். "முழுசா எடுத்தா கண்ணு மட்டும் உயிரோட இருக்கும், மூஞ்சி பொம்மையாயிடும். பாதி எடுக்கணும். கருப்பை மட்டும் தட்டிவிடணும். வயசானவங்கன்னா கோட்டைத் தொடவே கூடாது, மங்கலாக்கணும். இல்லேன்னா பிள்ளைங்களே வந்து இது எங்கம்மா இல்லேம்பாங்க."

"தோல் தேய்ச்ச மாதிரி தெரியாதா?"

"தேய்ச்சாத்தானே? கன்னத்துலேர்ந்து தோலை எடுக்கறவன் கத்துக்குட்டி. கண்ணுக்குக் கீழ இருக்கற தோல் வெங்காயச் சருகு மாதிரி. அதுக்கு அதே மாதிரித் தோல்தான் போடணும்."

"ரொம்பக் கெட்டுப் போயிருந்தா? ஒரு கண்ணு தேறவே தேறாதுன்னா?"

"அப்போ நல்ல கண்ணைப் புருவத்தோட கத்தரிச்சு, வலம் இடமாத் திருப்பி, கெட்ட கண்ணு மேல ஒட்டிடணும். ஓரத்தைக் கரைச்சுட்டா ஒருத்தனும் கண்டுபிடிக்க முடியாது. ஒண்ணே ஒண்ணுதான், விளக்குப் புள்ளியை மட்டும் மறக்காம…"

நின்றுவிட்டார். அவர் பார்வை டீச்சர் மடியிலிருந்த போட்டோவுக்குப் போனது. முகம் வெளுத்துப்போனது. விரல் ஒடிந்தபோதுகூட கொசு அந்த முகத்தில் இப்படி ஒரு வேதனையைப் பார்க்கவில்லை.

"மறந்துட்டேன்," என்றார் மெதுவாக. "அன்னிக்கு அவசரப்படுத்தினாங்க. முப்பது வருஷத்துல நான் மறந்ததே இல்ல."

டீச்சர் மேஜையிலிருந்த பூதக்கண்ணாடியை எடுத்து, போட்டோவின்மேல் ஒவ்வொரு முகமாக வைத்துப் பார்த்தார். மூன்றாவது முகத்தில் நெடுநேரம் நின்றார். பிறகு போட்டோவைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"என்ன டீச்சர்? எனக்கும் சொல்லுங்க. என் விலா எலும்பும் இந்த கேஸுல பங்குதாரர்."

"இன்ஸ்பெக்டருக்குப் போன் போடு. மரக்கடைக்கு வரச் சொல்லு. சின்னவன் ஒருத்தர் கையை ஒடிச்சிருக்கான்னு சொல்லு, வருவாரு."

"அப்போ கொன்னதும் சின்னவன்தானா?"

"ஸ்கூட்டரை எடு."

மரக்கடையில் ரம்பம் அலறிக்கொண்டிருந்தது. செத்தவருக்குப் பதிலாக வேறொருவர் வந்துவிட்டார். மரம் அறுபடுவது நிற்கவில்லை. ஆள் உயரத்துக்கு அடுக்கிய கட்டைகளைத் தாண்டிப் போனால் தகரக்கூரை போட்ட ஆபீஸ். வாசல் குழாயடியில் சின்னவன் குனிந்து கண்ணைக் கழுவிக்கொண்டிருந்தான். நிமிர்ந்தபோது இரண்டு கண்ணும் சிவந்து, தாரையாய் நீர் வழிந்தது. காலில் ஒரு துணி சுற்றியிருந்தது.

"என்ன தம்பி, கண்ணுல தூசியா? காலை நாய் கீய் கடிச்சிடுச்சா?" என்று விசாரித்தான் கொசு.

சின்னவன் பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்து, ஒரே தூக்கில் கட்டை அடுக்கின்மேல் சாத்தினான். ஒடிந்த விலாவில் கட்டையின் முனை ஏறியது. கொசுவுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. "விடுடா அவனை!" என்று இன்ஸ்பெக்டரின் குரல் கேட்டபோது, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு போலீஸ்காரரைப் பார்த்து அவன் சந்தோஷப்பட்டான்.

ஆபீஸுக்குள் எல்லோரும் கூடினார்கள். மரக்கடை அம்மா நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை. அறுபத்திரண்டு வயது. தடித்த கறுப்பு ஃப்ரேம் போட்ட கண்ணாடி. புருஷன் செத்தபிறகு இருபது வருடமாகத் தனியாளாக இந்தக் கடையை நடத்துகிறவள். மரத்தைத் தள்ளும் ஆட்களே அவள் குரலுக்கு ஒதுங்குவார்கள். அவள் பின்னால் பெரியவன் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். அவன் கண்கள் ஏற்கெனவே கலங்கியிருந்தன.

"என்னய்யா கூட்டம்?" என்றாள் அம்மா.

டீச்சர் சின்னவன் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு டச்சப்காரரோட என்ன பகை? யாருக்காக அவர் விரலை ஒடிச்சீங்க?"

ஒரு நொடி சின்னவன் கண் அண்ணன்மேல் போய்த் திரும்பியது.

பெரியவன் அதற்குள் உடைந்துபோனான். "அவனை விட்டுடுங்க மேடம். அவன் கெட்டவன் இல்ல. ஏதோ ஆத்திரத்துல ரம்பக்காரரை… என்ன பிராயச்சித்தம் வேணாலும் நான் பண்றேன்."

"நானா?" சின்னவன் அண்ணனை வெறித்தான். "நான் என்ன பண்ணேன்? நீ பண்ணதுக்குத்தானே நான்…"

பெரியவன் ஒரு அடி பின்வாங்கினான்.

"நில்லுங்க," என்றார் டீச்சர். "பெரியவரே, உங்க தம்பிதான் கொன்னாருன்னு உங்ககிட்ட யார் சொன்னது?"

பெரியவன் அம்மாவைப் பார்த்தான்.

"சின்னவரே, உங்க அண்ணன்தான்னு உங்ககிட்ட?"

சின்னவனும் அம்மாவைத்தான் பார்த்தான். கொசுவுக்கு விலா வலி மறந்துபோனது.

டீச்சர் போட்டோவை மேஜையில் வைத்தார். பூதக்கண்ணாடியை இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தார். "இந்தப் பசங்க கண்ணைப் பாருங்க சார். கருவிழியில சின்னதா ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும். அது ஸ்டூடியோ விளக்கு. ஒரே விளக்குதான், இடது பக்கம் மேல. கருவிழியைக் கடிகாரம்னு வெச்சுக்கிட்டா புள்ளி எத்தனை மணியில இருக்கு?"

இன்ஸ்பெக்டர் குனிந்தார். "பத்து மணி."

"ரெண்டு பேருக்கும், ரெண்டு கண்ணுலயும்?"

"ஆமா. எல்லாம் பத்து."

"இப்ப அம்மா கண்ணைப் பாருங்க."

இன்ஸ்பெக்டர் பார்த்தார். தலையைத் தூக்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். "வலது கண்ணுல பத்து. இடது கண்ணுல… ரெண்டு மணி."

"ஒரே நேரத்துல, ஒரே ஸ்டூடியோவுல, அவங்க ஒரு கண்ணுக்கு மட்டும் விளக்கு எப்படி அந்தப் பக்கம் போச்சு? போகல. அது அவங்க இடது கண்ணே இல்ல. நல்லா இருந்த வலது கண்ணைத் திருப்பி ஒட்டினது. சுருக்கத்தை எண்ணிப் பாருங்க, ரெண்டு பக்கமும் ஒண்ணு போல இருக்கும். அப்படி ஒரு மூஞ்சி உலகத்துல கிடையாது. வயசானவங்க போட்டோன்னா கண்ணைக் கொஞ்சம் துடைச்சிருப்பாங்கன்னு நாம எல்லாரும் விட்டுட்டோம். பசங்க மூஞ்சியில காயத்தைத் தேடினோம்."

இன்ஸ்பெக்டரின் முகம் போன போக்கு சொல்லி முடியாது. "நான் விசாரிக்க வந்த அன்னிக்கு இவங்க கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாங்க. கண்வலின்னாங்க. ஒட்டிக்கும்னு நான் பத்தடி தள்ளி நின்னுதான் பேசினேன்…"

"கண்வலியா?" என்றான் சின்னவன். "எங்ககிட்ட பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்னாங்களே! போட்டோ எடுக்கப் போறப்ப கண்ணே மூடியிருந்துச்சு. இன்னொரு நாள் எடுத்துக்கலாம்னு நான் எவ்வளவோ சொன்னேன்."

இரண்டு பொய்கள் ஒரே அறைக்குள் முட்டிக்கொண்டன. டீச்சர் கை நீட்டினார். "கண்ணாடியைக் கழட்டுங்கம்மா."

அம்மா கழற்றவில்லை. பெரியவன்தான் மெல்ல எடுத்தான். இடது கண்ணுக்குக் கீழே தோல் இன்னும் மஞ்சள் பாரித்திருந்தது. புருவத்தை இரண்டாகப் பிளந்து ஒரு தழும்பு ஓடியது. அவன் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

மரக்கடை அம்மா இரண்டு பிள்ளைகளையும் ஒருமுறை பார்த்தாள். சரக்கைத் தரம் பார்ப்பதுபோல் பார்த்தாள். பிறகு இன்ஸ்பெக்டரிடம் சொன்னாள்: "சின்னவன் செஞ்சான். என்னையும் அடிச்சான். ஊருக்கே தெரியும் அவன் எப்படிப்பட்டவன்னு. எழுதிக்கோங்க."

சற்று முன்னால் கொசுவைக் கட்டையில் சாத்தியவன்தான். ஆனாலும் பெற்ற வாயிலிருந்து இதைக் கேட்க எந்தப் பிள்ளைக்கும் நேரக் கூடாது.

"அம்மா," என்றான் சின்னவன். குரல் குழந்தைக் குரலாகிவிட்டது. "உங்கண்ணன் கழுத்துக்குக் கயிறு வருதுன்னு சொன்னியேம்மா. அதுக்காக, ஏன்னுகூடக் கேக்காம, இப்பத்தான் ஒரு ஆளோட விரலை ஒடிச்சிட்டு வர்றேன். அந்தாளு ஒரு சத்தம் போடல. நான் திரும்பத் திரும்ப…"

"வாயை மூடுடா! நான் கட்டின கடை இது. மரத்தைக் கட்டியிருந்த சங்கிலி துருப்பிடிச்சிருக்குன்னு எனக்கு முன்னாடியே தெரியும்னு அந்த ரம்பக்காரன் கோர்ட்ல போய்ச் சொல்லுவானாம். சொன்னா நான் உள்ள போகணும், கடைக்குப் பூட்டுத் தொங்கும். கெஞ்சினேன், கேக்கல. டப்பாவைக் கழுவிக்கிட்டே 'உண்மையைத்தானே சொல்லப்போறேன்'ங்கறான்!"

சொல்லிக்கொண்டே அவள் மேஜைக்கு அடியில் கை விட்டதை டீச்சர் பார்க்கவில்லை. கொசு பார்த்தான். மரத்தைக் குத்தி இழுக்கிற இரும்புக் கொக்கி. அறுபத்திரண்டு வயது என்று யாரும் சொல்ல முடியாத வேகத்தில் அவள் எழுந்து, டீச்சரின் கழுத்தைக் குறிவைத்து வீசினாள். யோசிக்க நேரமில்லை, யோசித்திருந்தால் செய்திருக்கமாட்டான். நடுவில் விழுந்தான். கொக்கி அவன் தோளில் இறங்கிச் சதையைக் கிழித்துக்கொண்டு எலும்பில் நின்றது.

அவள் அதைப் பிடுங்கி மறுபடி ஓங்கினாள். ஓங்கிய கை கீழே வரவில்லை. சின்னவன் அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தான். அவள் மறு கையால் அவனை அறைந்தாள், முகத்தில் பிறாண்டினாள், சிவந்த கண்ணிலேயே குத்தினாள். அவன் திருப்பி அடிக்கவில்லை, பிடியையும் விடவில்லை. அழுதுகொண்டே பிடித்துக்கொண்டிருந்தான். கொக்கி தரையில் விழுந்தது.

"நான் எல்லாத்தையும் சொல்றேன் சார்," என்றான். "போட்டோ எடுத்த அன்னிக்கு இவங்க கண்ணு எப்படி இருந்துச்சுன்னு நான் கோர்ட்ல சொல்றேன்."

டீச்சர் தன் துப்பட்டாவைக் கொசுவின் தோளில் அழுத்திப் பிடித்தார். "மடையா, யார் உன்னை நடுவுல வரச் சொன்னது?"

"உள்ள போன்னு… நீங்கதானே டீச்சர்…" என்று முனகியவன், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத் துள்ளினான். ஆறடிக்க ஐந்து நிமிடம். "டீச்சர்! கையெழுத்து!"

இன்ஸ்பெக்டர் போனை எடுக்கத் தடுமாறினார். டீச்சர் அதைப் பிடுங்கி, ஸ்டேஷனுக்குப் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தி மேஜையில் வைத்தார்.

"ஏட்டு, அந்தச் சுமைக்காரன் கையெழுத்து…" என்று இழுத்தார் இன்ஸ்பெக்டர்.

"ஆச்சு ஐயா. இப்பத்தான் போட்டான். விரல் மடங்கல, நானே கையைப் பிடிச்சுப் போட வெச்சேன்."

"கிழி."

"ஐயா?"

"கிழிய்யா அதை! அவன் இல்ல. கதவைத் திற. அவன் சம்சாரம் வாசல்ல இருக்கா, உள்ள விடு."

தாள் கிழிபடும் சத்தம் வந்தது. ஏட்டு போனை வைக்க மறந்துவிட்டுப் போயிருக்க வேண்டும். சாவிக்கொத்து, இரும்புக் கதவு, ஓடிவரும் காலடி எல்லாம் வரிசையாகக் கேட்டன. பிறகு ஒரு பெண் ஒரே ஒரு முறை மூச்சை இழுத்தாள்.

"எந்திரிங்க. வீட்டுக்குப் போலாம்."

"கையெழுத்துப் போட்டுட்டேன்டி."

"கிழிச்சாச்சு. எந்திரிங்க."

"பாதத்தை ஊன முடியல. விட்டுடு. நீ போ."

இன்ஸ்பெக்டர் போனை அணைக்கக் கையை நீட்டினார். டீச்சர் அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

"முழுசாக் கேளுங்க," என்றார்.

"ஊனவேணாம்," என்றது அந்தக் குரல். "என் முதுகுல ஏறிக்கோங்க."